சவரியப்பன் போட்ட வாய்க்கால் படம்

சவரியப்பனைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல வேண்டுமென்றால் அவன் கோபித்துக்கொள்ளாத நாலு வார்த்தையாகத் தேட வேண்டும். அது லேசில் கிடைக்காது. விளக்கு எரியவில்லை என்று ஒருவன் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினால், எரியவே இல்லையா, எரிந்து அணைந்ததா, மினுக்குகிறதா என்று மூன்று கேள்வி கேட்பான். பதில் சொன்னால் அதிலிருந்து இன்னும் மூன்று கேள்வி கிளம்பும். கடைசியாக, வண்டியைக் கடைசியில் தொட்டது யார் என்பான். நான் ஒன்றுமே பண்ணவில்லை என்று எல்லா வண்டிக்காரனும் சத்தியம் செய்வான். சவரியப்பன் தலையை ஆட்டிக்கொண்டே சட்டைக் கையை மடிப்பான். அவன் ஒருத்தர் சத்தியத்தையும் நம்பியதாக எனக்கு ஞாபகம் இல்லை.

திருவாரூரில் ஓடம்போக்கி ஆற்றுப் பாலத்தை ஒட்டி இருபத்திரண்டு வருஷம், ஒரே கீற்றுத் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவன் பட்டறையும் இந்தப் பக்கம் என் பட்டறையும் இருந்தன. அவன் கார், லாரிகளுக்கு ஒயரிங் பார்ப்பவன். நான் அப்துல் ஜலீல். டிங்கர் வேலை, பெயின்ட் வேலை. நசுங்கியதை நிமிர்த்துவேன், நிமிர்ந்ததற்கு வர்ணம் அடிப்பேன். என் வேலை கண்ணுக்குத் தெரியும். அவன் வேலை தெரியாது. அதனால் அவனுக்கு என்மேல் கொஞ்சம் பொறாமை என்று நான் சொல்வேன். உன் வேலை தெரியாமல் இருந்தால்தான் நல்லது என்று அவன் சொல்வான்.

வேளாங்கண்ணிப் பக்கத்துக்காரன். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு டூரிங் டாக்கீஸில் ஜெனரேட்டர் பார்த்துக்கொண்டிருந்தான். நடுவில் படம் நின்றுவிட்டால் தரை டிக்கெட்காரர்கள் உட்கார்ந்திருக்கும் மணலை வாரி அடிப்பார்களாம். அந்த மணல் தலையில் விழுவதற்குள் கோளாறைக் கண்டுபிடித்துப் பழகியவன் நான் என்று பெருமை பேசுவான். இப்போது மணல் அடிக்க ஆள் இல்லை, அதனால்தான் ஒரு பல்புக்கு ரெண்டு நாள் எடுக்கிறாய் என்பேன். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வான். அரை மணி நேரம் கழித்து, பாய், டீ சொல்லட்டுமா என்று தடுப்புக்கு மேலே தலை எட்டிப் பார்க்கும்.

அவன் வேலை செய்யும் அழகைச் சொல்லியே ஆக வேண்டும். பட்டறைத் தரையில் சிமெண்ட் பூசியிருந்தான். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, சாக்பீஸை எடுத்துக்கொண்டு தரையில் மண்டி போட்டு உட்கார்ந்து, அந்த வண்டியின் ஒயர் அத்தனையையும் படமாகப் போடுவான். பேட்டரிதான் ஆறு. அதிலிருந்து ஒரு பெரிய வாய்க்கால். சுவிட்ச் எல்லாம் மதகு. அங்கிருந்து கிளை வாய்க்கால், கன்னி வாய்க்கால், கடைசியில் மடை, மடையில் பல்பு. கரண்ட் வருவதைத் தண்ணீர் வருகிறது என்றுதான் சொல்வான். அந்தப் படத்தின் மேல் யாராவது செருப்பை வைத்துவிட்டால் தொலைந்தார்கள். அவன் சம்சாரம் அருள்மேரி சோறு கொண்டுவந்தால்கூட வாய்க்காலைத் தாண்டித் தாண்டித்தான் வர வேண்டும். நான் வேண்டுமென்றே ஒரு நாள் மதகு மேல் நின்றேன். ஒரு வாரம் பேச்சு இல்லை.

எழுபத்து நாலாம் வருஷம், குறுவை அறுப்பு முடிந்த சமயம், இளையபெருமாள் ஓர் ஆஸ்டின் காரைக் கொண்டுவந்தார். ஐம்பத்தோராம் வருஷத்து வண்டி. வெட்டாற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு மிராசுதாருடையது. பாசிப்பச்சை நிறம். அந்தப் பச்சை கார் வந்தால் நாலு கிராமத்துக்குத் தெரியும். கூலிச் சண்டையும் செங்கொடியும் கோர்ட்டு கேஸுமாக டெல்டாவே கொதித்துக் கிடந்த வருஷங்களில் மிராசுதார் காரை நெல் கிடங்கில் விட்டுப் பூட்டிவிட்டார். பிறகு உச்சவரம்புச் சட்டம் வந்தது. வீட்டு நாய் பெயரைத் தவிர மற்ற எல்லார் பெயரிலும் பட்டா மாற்றிப் பார்த்தார். கடைசியில் வெறுத்துப்போய் கிடைத்ததை விற்றுக்கொண்டு மெட்ராஸ் போய்ச் சேர்ந்தார். கிடங்கில் மூன்று வருஷம் கிடந்த காரை வாங்கியவர் இளையபெருமாள்.

இளையபெருமாளின் அப்பா காத்தான் அந்தப் பண்ணையில் ஆளாக இருந்தவர். மகன் டிராக்டர் ஓட்டக் கற்றுக்கொண்டு, கூட்டுறவு டிராக்டர் ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். அதிகம் பேச மாட்டார். ஆனால் சொன்ன சொல் மாற மாட்டார். ரயில்வே ஸ்டேஷன் டாக்ஸி ஸ்டாண்டில் ஓர் இடம் காலியாகியிருந்தது. அந்த இடத்துக்காக டிராக்டர் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார்.

ஸ்டாண்டில் ஒன்பது வண்டிகள். இவர் தெருவிலிருந்து ஒருவர் அங்கே வந்து வண்டி போடுவது ஒன்பதில் ஏழு பேருக்குப் பிடிக்கவில்லை. வாய்விட்டுச் சொல்ல முடியாத காலம். கழகத்து ஆட்சி, மேடைக்கு மேடை சமத்துவம். ஸ்டாண்டு வாசலிலேயே கொடி பறக்கிறது. அதனால் ஸ்டாண்டின் மூத்த டிரைவர் முருகையன் நயமாகப் பேசினார். அடுத்த வியாழக்கிழமைக்குள், வண்டி ஓடத் தகுதியானது என்று எஃப்.சி. வாங்கி வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினால் இடம் உனக்கு, இல்லாவிட்டால் கேட்டுக்கொண்டிருக்கும் வேறு ஆளுக்கு என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார். பிரேக் இன்ஸ்பெக்டர் திருவாரூருக்கு வந்து வண்டிகளைப் பார்ப்பது மாதத்தில் ஒரே ஒரு வியாழக்கிழமைதான். கிடங்கில் கிடந்த ஓட்டை வண்டி அதற்குள் தேறாது என்பது அவர்கள் கணக்கு.

இஞ்சின் தேறிவிட்டது. பிரேக்கும் தேறிவிட்டது. என்னிடம் வந்தபோது இளையபெருமாள் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். கறுப்பு உடம்பு, மஞ்சள் தலை, சரி. ஆனால் அந்தப் பச்சை ஓர் இடத்தில்கூட இருக்கக் கூடாது. விளக்குக்குப் பின்னால், ஸ்குரூவுக்கு அடியில், டிக்கிக்கு உள்ளே, எங்குமே கூடாது. தகரம் வரை சுரண்டிவிட்டுப் புதிதாக அடிக்க வேண்டும். எனக்கு அது அதிகப்படியாகத்தான் தெரிந்தது. ஆனாலும் ஆகட்டும் என்று தலையாட்டினேன். ராப்பகலாக உழைத்தேன். திங்கட்கிழமை வண்டி பாலீஷ் போட்ட பூட்ஸ் மாதிரி நின்றது. என் மூஞ்சியை அதில் பார்த்துத் தலை வாரிக்கொண்டேன்.

விளக்குகளை மாட்டி, தடுப்புக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டேன். அங்கேதான் கூத்து ஆரம்பித்தது. பிரேக்கை மிதித்தால் பின்னால் எரிய வேண்டிய விளக்கு எரியாமல், முன்னால் பார்க் லைட் லேசாக எரிந்தது. இடது பக்க இண்டிகேட்டரைப் போட்டால் பின்னால் இரண்டு பக்கமும் சேர்ந்து கண்ணடித்தது. ஹெட்லைட்டைப் போட்டால் எண்ணெய் வற்றிய அகல் மாதிரி ஒரு மஞ்சள். பிரைட் போட்டால் அதுவும் குறைந்தது. சவரியப்பன் கண்ணில் ஒரு சந்தோஷம் வந்ததைப் பார்க்க வேண்டுமே. இப்படி ஒரு கோளாறு கிடைப்பதற்கு அவன் தவம் கிடந்திருக்கிறான். மண்டி போட்டான், சாக்பீஸை எடுத்தான்.

எலிதான் என்று நான் தீர்ப்புச் சொன்னேன். நெல் கிடங்கில் மூன்று வருஷம் கிடந்த வண்டி. அந்தக் காலத்து ஒயர் மேலே நூல் பின்னியிருக்கும். எலிக்கு அது பலகாரம். ஸீட்டுக்கு அடியிலிருந்து எலிப் புழுக்கையைக் காகிதத்தில் பொட்டலம் கட்டி அவனிடம் சாட்சியாகக் கொடுத்தேன். அவனுக்கும் அப்படித்தான் தோன்றியது. செவ்வாய் முழுக்கப் பழைய ஒயரை உருவிப் போட்டுப் புது ஒயர் இழுத்தான். சுவிட்ச் மாற்றினான். பல்பு மாற்றினான். சாயந்தரம் பிரேக்கை மிதித்தால் மறுபடியும் முன்னால் எரிகிறது. டெஸ்ட் லாம்பின் ஒரு முனையை இஞ்சினில் மாட்டிவிட்டு, மறு முனையால் ஒவ்வொரு மடையாகத் தொட்டுப் பார்த்தான். எல்லா மடையிலும் டெஸ்ட் லாம்பு ஜோராக எரிந்தது. தண்ணீர் எல்லா இடத்துக்கும் வருகிறது. பயிர்தான் எழும்பவில்லை.

அன்று சாப்பிடவில்லை. அருள்மேரி வைத்த தூக்கு அப்படியே இருந்தது. வண்டிக்கு ஒரு ஜெபம் சொல்லிப் பாரேன் என்று நான் தடுப்புக்கு மேலிருந்து கிண்டல் பண்ணினேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

புதன்கிழமை காலையில் இளையபெருமாள் வந்தார். மறுநாள் இன்ஸ்பெக்டர். பேசாத மனிதர் அன்று பேசினார். இருந்த வேலையையும் விட்டுட்டு வந்தேண்ணே, உங்களை நம்பித்தானே இங்கே விட்டேன், ஸ்டாண்டில் எல்லாரும் சிரிக்கக் காத்திருக்கிறார்கள் என்று கொட்டித் தீர்த்தார். சவரியப்பன் பதிலுக்குத் தரையைக் காட்டினான். இது ஆறு, இது மதகு, இது வாய்க்கால், இது கடைமடை, இவ்வளவு தூரம் தண்ணீர் வருகிறது தம்பி, நீயே பார் என்று ஒவ்வொன்றாக விரல் வைத்துக் காட்டினான். ஒயர் தெரியாத இளையபெருமாள் வாய்க்கால் தெரிந்தவர். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, படத்தை ஒரு முனையிலிருந்து மறு முனை வரைக்கும் பார்த்தார்.

"வாய்க்கால் எல்லாம் போட்டிருக்கீங்க. வடிகால் எங்கண்ணே?"

சாக்பீஸ் பிடித்த கையாலேயே சவரியப்பன் தலையில் ஓர் அடி அடித்துக்கொண்டான். தலை முழுக்கச் சாக்பீஸ் தூள்.

விஷயம் இதுதான். காரில் பேட்டரியிலிருந்து பல்புக்குப் போக ஒயர் உண்டு. திரும்பி வர ஒயர் கிடையாது. வண்டியின் உடம்பே திரும்பி வருகிற வழி. எர்த் என்பார்கள். விளக்கைப் பிடித்திருக்கும் ஸ்குரூ வெறும் தகரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் போதும், கரண்ட் உடம்பு வழியாகப் பேட்டரிக்கு வந்து சேரும். அந்த வழி அடைத்துப்போனால் அது பக்கத்து விளக்குக்குள் புகுந்து, சுற்றி வளைத்து எங்கேயோ வெளியேறப் பார்க்கும். வடிகால் இல்லாத வயலில் தண்ணீர் அடுத்தவன் வரப்பை உடைப்பது மாதிரி. இருபது வருஷமாக எர்த்தை யாரும் அடைத்துப் பார்க்காததால் சவரியப்பன் அதைப் படத்தில் போடுவதே இல்லை. இஞ்சினுக்கு நான் வர்ணம் அடிக்கவில்லை. அதனால் அதில் மாட்டிய டெஸ்ட் லாம்பு மட்டும் ஜோராக எரிந்தது.

அவன் ஒரு நீள ஒயரை எடுத்தான். ஒரு முனையைப் பேட்டரியில் எர்த் கட்டியிருக்கும் முனையில் வைத்தான், மறு முனையை ஹெட்லைட்டின் கிண்ணத்தில் தொட்டான். பட்டப்பகலில் கண் கூசியது. பின்னால் வந்து டெயில் லைட்டைத் தொட்டான். பளிச்சென்று சிவப்பு. இளையபெருமாள் சிரித்தே விட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எந்த ஊரிலும் எந்த டிங்கரும் விளக்கைக் கழற்றி ஸ்குரூவுக்கு அடியிலெல்லாம் பெயின்ட் அடிக்க மாட்டான். காகிதம் ஒட்டி மேலாக அடிப்பதுதான் வழக்கம். இந்த வண்டிக்கு மட்டும், பச்சை கூடாது என்று சொன்னதால், பதினான்கு இடத்தில் கழற்றி அடித்திருந்தேன். கம்பெனிக்காரன் எர்த்துக்காக வெறும் தகரமாக விட்டிருந்த இடத்திலும் சேர்த்துக் கெட்டியாக இரண்டு கோட்டிங். வடிகாலை அடைத்தது எலி இல்லை. நான்.

சவரியப்பன் டெயில் லைட் ஸ்குரூவைத் திருகி எடுத்தான். கத்தியால் வாஷர் இருந்த இடத்தைச் சுற்றிச் சுரண்டினான். கறுப்பு உதிர்ந்தது. கறுப்புக்கு அடியிலிருந்து பச்சை உதிர்ந்தது.

அதையும் சொல்லிவிடுகிறேன். வெளியே தெரியும் இடமெல்லாம் தகரம் வரைக்கும் சுரண்டினேன், அல்லா பொதுவாக. விளக்குக் குழிகளுக்கு உள்ளே, டிக்கிக்கு உள்ளே யார் பார்க்கப் போகிறார்கள் என்று உப்புத்தாளால் இரண்டு தேய் தேய்த்துவிட்டு மேலேயே கறுப்பை அடித்துவிட்டேன். நாள் போதவில்லை என்று மனதுக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

சவரியப்பன் என்னை ஒரு பார்வை பார்த்தான். அந்தப் பார்வையில் திட்டு எதுவும் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. இளையபெருமாள் குனிந்து தரையிலிருந்த பச்சைத் துணுக்கு ஒன்றை விரலில் ஒற்றி எடுத்தார். நான் வாயெடுப்பதற்குள் சவரியப்பன் முந்திக்கொண்டான். அது செம்புல புடிச்ச களிம்பு தம்பி, பழைய ஒயர் முனையில் இப்படித்தான் பச்சை பூக்கும், ரெண்டு நாள் தாமதம் ஆனதுகூட என் தப்புத்தான், முதலிலேயே எர்த்தைப் பார்த்திருக்க வேண்டும் என்றான். ஒருவர் சத்தியத்தையும் நம்பாதவன், தானாக ஒரு பொய் சொல்லி நான் பார்த்தது அன்றைக்குத்தான். பொய் வாயில் சரளமாக வரவே இல்லை. காது சிவந்துவிட்டது. இந்தப் பொய்யை அந்தச் சனிக்கிழமை கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனமாக ஒப்புக்கொண்டதில், அவர் ஜெபமாலையின் ஐம்பத்து மூன்று மணிக்கும் ஜெபம் சொல்லச் சொல்லிவிட்டார் என்று என்னிடம் வந்து மூன்று மாதம் சொல்லிக் காட்டினான். அது வேறு கதை.

இளையபெருமாள் அந்தத் துணுக்கை வெயிலில் திருப்பிப் பார்த்தார்.

"அண்ணே, இந்தப் பச்சை எனக்குத் தெரியாதா? எங்கப்பா வரப்பை விட்டுச் சேத்துல இறங்கி நிப்பாரு, இது ரோட்டுல போற வரைக்கும்."

நான் தடுப்பைச் சுற்றிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன். தம்பி, சவரிமேல் தப்பு இல்லை, நான் சுரண்டவில்லை, உள்ளே பதினான்கு இடத்திலும் பச்சை இருக்கிறது, ஏமாற்றிவிட்டேன் என்று சொன்னேன். நாற்பத்தைந்து வயதில் ஒருவன் முன்னால் அப்படி நின்றது அதுதான் முதல் தடவை. அடித்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். முழுக்கச் சுரண்டி மறுபடி அடிக்க எத்தனை நாள் என்று கேட்டார். பத்து நாள் என்றேன். பத்து நாள் என்றால் ஸ்டாண்டில் இடம் இல்லை. அது மூன்று பேருக்குமே தெரியும்.

அவர் வண்டியை ஒரு முறை சுற்றி வந்தார். பிறகு அந்தத் துணுக்கை வேட்டியில் துடைத்தார்.

"நாளைக்கு விளக்கு எரியட்டும் பாய். அப்புறம் நீங்களே ஒவ்வொரு இடமா கழட்டிச் சுரண்டுங்க. நான் பக்கத்துல உக்காந்து பாக்கிறேன்."

சொன்னபடியே செய்தார். அடுத்த பதினான்கு மாதம், மாதத்துக்கு ஓர் இடமாக, சவாரி இல்லாத மத்தியானத்தில் வந்து ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். நான் சுரண்டுவேன். ஒரு வார்த்தை திட்ட மாட்டார். டீ மட்டும் என் செலவு.

அந்தப் புதன்கிழமை மீதிப் பொழுது பூராவும் நானும் சவரியப்பனும் எதிரெதிரே உட்கார்ந்து பதினான்கு இடத்திலும் வாஷர் அளவுக்குத் தகரம் வரை சுரண்டினோம். நான் அடித்த பெயின்ட்டை நானே சுரண்டினேன். கிண்டல் பண்ண அவனுக்கு எவ்வளவோ இடம் இருந்தது. ஒன்றும் சொல்லவில்லை. ஒவ்வொரு இடத்திலும் கிரீஸ் தடவி ஸ்குரூவை முறுக்கினான். வேலை முடிந்ததும் தரைப் படத்தில், எல்லா மடையிலிருந்தும் ஆறு வரைக்கும், சாக்பீஸால் ஒரு நீள வடிகால் இழுத்தான். அதற்கு அப்புறம் அவன் வடிகால் இல்லாமல் படம் போட்டதில்லை.

வியாழக்கிழமை எங்கள் இருவரையும் பின் ஸீட்டில் ஏற்றிக்கொண்டுதான் இளையபெருமாள் மைதானத்துக்குப் போனார். பிரேக் இன்ஸ்பெக்டர் பழைய வண்டி என்று கொஞ்சம் அதிகமாகவே சோதித்தார். பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டுப் பின்னால் போய் நின்றார். இடது, வலது, டிம், பிரைட், பார்க் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கேட்டது கேட்ட இடத்தில் எரிந்தது. கையெழுத்தான பிறகுதான் என் தொடையிலிருந்து சவரியப்பன் பிடி தளர்ந்தது. இரண்டு நாள் நீலம் பாரித்திருந்தது.

திரும்பி வரும்போது மணி பன்னிரண்டு. நல்ல வெயில். இளையபெருமாள் விளக்கை அணைக்கவில்லை. நம் ரோட்டில் பகலில் விளக்கு எரிந்தால் சும்மா விட மாட்டார்களே. எதிரே வந்த லாரிக்காரன் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, விளக்கு எரிகிறது என்று விரல்களைக் குவித்துக் குவித்து விரித்தான். சைக்கிள்காரன் விரித்தான். தலையில் புல்லுக்கட்டோடு வந்த ஓர் அம்மாள் ஒரு கையை விட்டு விரித்துக் காட்டினாள். கீழ வீதி பூராவும் விரல்கள். இளையபெருமாள் ஒவ்வொருவருக்கும் தலையாட்டினார். அணைக்கவில்லை. பேட்டரி என்று சவரியப்பன் வாயெடுத்தான். நான் அவன் கையை அழுத்தினேன்.

ஸ்டேஷன் ஸ்டாண்டில் ஒன்பது பேரும் இருந்தார்கள். முதலில் யாருக்கும் வண்டி அடையாளம் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. முருகையன் மட்டும் எழுந்து, கையை உயர்த்தி, விரல்களைக் குவித்து விரித்தார். இளையபெருமாள் காலி இடத்தில் வண்டியை நேராக நிறுத்தி, இஞ்சினை அணைத்துவிட்டு, எஃப்.சி. காகிதத்தோடு இறங்கினார்.

"தம்பி, லைட்டு எரியுது. அணைக்க மறந்துட்ட," என்றார் முருகையன்.

"மறக்கலைங்க," என்றார் இளையபெருமாள்.